மெய் காக்கும் பா: கவச இலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

தமிழிலக்கணம் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பகுத்தது. மெய் என்னும் சொல் உடம்பையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். மொழியின் அடிப்படைக்கே உடலின் பெயரைச் சூட்டிய மக்கள், உடல்நலத்தைப் பாட்டின் பொருளாகக் கொண்டதில் வியப்பில்லை. நோயுற்றோர் ஓதுவதற்கும், நோய் அணுகாதிருக்க வேண்டுவோர் ஓதுவதற்கும் என்றே தமிழில் ஓர் இலக்கிய வகை வளர்ந்துள்ளது. அதுவே கவசம்.

மலேசியத் தமிழர் இல்லங்களில் மிகுதியும் ஒலிக்கும் செய்யுள் யாது என்று வினவினால், கந்தர் சஷ்டி கவசம் என்றே பலரும் விடையிறுப்பர். ஆயினும் அதனை இலக்கியமாகக் கொண்டு ஆராய்வோர் சிலரே. பத்தர் அதனை மருந்து என்பர்; பகுத்தறிவு பேசுவோர் மூடநம்பிக்கை என்பர். இரு சாராரும் அதனைச் செய்யுளாகப் படிப்பதில்லை. படித்துப் பார்த்தால், அது நோய் தீர்க்கிறதா என்னும் வினாவினும் ஆழமான வேறொரு வினா எழும். நோயுற்ற மனிதனுக்குத் தன் உடலைப் பற்றி அது என்ன கூறுகிறது என்பதே அவ்வினா. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு உடல்கள்

கந்தர் சஷ்டி கவசம் 19ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் இயற்றியதாகக் கருதப்படுவது. அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்கின், இரண்டு உடல்கள் அதனுள் அடுத்தடுத்து வருணிக்கப்படுவதைக் காணலாம். முதலில் முருகனின் திருமேனி. முடி, நெற்றி, புருவம், பன்னிரு விழி, செவ்வாய், குண்டலம் அணிந்த செவி, தோள், மார்பு, இடை, முழந்தாள், சிலம்பணிந்த திருவடி எனக் கவிஞர் மேலிருந்து கீழாக இறங்குகிறார். தலைவனையோ தெய்வத்தையோ இவ்வாறு உறுப்புறுப்பாகப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் சிற்றிலக்கிய வகைகளை மாணவர் அறிவர்.

புதுமை அதன்பின் வருகிறது. அதே வரிசை முறையில் இரண்டாவது உடல் ஒன்று பாடப்படுகிறது. அது ஓதுபவனுடைய உடல். நெற்றி, கண், செவி, நாசி, வாய், பல், நா, கழுத்து, மார்பு, முதுகு, விலா, வயிறு, இடை, தொடை, கணைக்கால், விரல் என ஒன்றும் விடுபடாமல் ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்க வேண்டும் என்று விண்ணப்பம் செய்யப்படுகிறது. அவையிற் கூறத் தயங்கும் மறைவிடங்களும் அவ்வரிசையில் ஒளிவின்றி இடம் பெறுகின்றன. காக்கத் தகாத உறுப்பு என்று ஒன்று இல்லை.

தெய்வத்திற்கும் அரசர்க்கும் உரியதாயிருந்த உறுப்பு வருணனை, பெயரறியாத ஓர் ஏழையின் நோயுற்ற உடலுக்கு வந்து சேர்ந்ததே கவசத்தின் இலக்கியப் புரட்சி எனலாம். முருகனின் தோளைப் பாடிய அதே நாவால், உழைத்துச் சோர்ந்த தன் தோளையும் ஒருவன் பாடுகிறான். இரண்டும் ஒரே செய்யுளில், ஒரே ஓசையில் நிற்கின்றன.

பெரட்டும் கவசமும்

இவ்வேற்றத்தின் பொருளை உணர, கவசம் ஒலித்த இடங்களுள் ஒன்றை நோக்குவது நன்று. ஜொகூர் பாருவுக்கு வடக்கே அமைந்தது கூலாய். 1909இல் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவுற்றபின், அப்பாதையை ஒட்டிய நிலங்களில் பால்மரத் தோட்டங்கள் பெருகின. பின்னர்ச் செம்பனையும் வந்தது. கூலாயை அடுத்த கெலாப்பா சாவிட் என்னும் ஊரின் பெயரே செம்பனையைக் குறிப்பதாகும். இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும் வரை, மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகவும் பிற வழிகளிலும் தமிழ்த் தொழிலாளர் வந்துகொண்டிருந்தனர்.

தோட்டத்தில் வைகறைக்கு முன்பே பெரட்டு கூடும். அங்கே மனிதர் எண்ணப்பட்டனர். வந்தவர் எத்தனை பேர், நிரைக்கு எத்தனை மரம், வாளிக்கு எவ்வளவு பால் என்பதே கணக்கு. தோட்ட மருத்துவமனையின் டிரசர் நோயாளியைப் பார்த்ததும், நாளை வேலைக்கு ஆவானா என்னும் வினாவோடு பிணைந்திருந்தது. உடல் இருந்தது; அது பிறர் கணக்கில் இருந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் கொண்டு செல்லப்பட்டபோது, அக்கணக்கின் கொடுமை உச்சத்தை எட்டியது. சென்றோருள் பல்லாயிரவர் மீளவில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலில் அத்துயரை எழுதியுள்ளார்.

இப்பின்னணியில் கவசத்தை வைத்துப் பாருங்கள். இதுவும் ஓர் எண்ணிக்கைதான். ஆனால் பெரட்டில் ஆள்கள் எண்ணப்பட்டனர். கவசத்தில் உறுப்புகள் எண்ணப்படுகின்றன. அங்கே எண்ணுபவன் பிறன். இங்கே எண்ணுபவன் உடலுக்கு உரியவனே. அங்கே எண்ணியது உழைப்பைக் கொள்வதற்கு. இங்கே எண்ணுவது உடலைக் காப்பதற்கு. கவசம் கூறும் பாம்பும் தேளும் பூரானும் நகர்ப்புறக் கற்றோர்க்குப் பழைய வாய்பாடாகத் தோன்றலாம். இருள் பிரியுமுன் மரத்தடியில் நின்று பால் வெட்டியவருக்கு அவை நாள்தோறும் எதிர்ப்படக்கூடிய இடர்கள். அச்சத்திற்குப் பெயர் சூட்டி வரிசைப்படுத்துவதே அச்சத்தை அடக்கும் முதற்படி ஆகும்.

எழுத்தே கவசமாதல்

பாம்பன் சுவாமிகள் 1891இல் இயற்றிய சண்முக கவசம் இவ்வகையை மற்றொரு திசையில் வளர்த்தது. அதன் பாடல்கள் 30. உயிரெழுத்து 12, மெய்வரிசை 18 ஆகியவற்றின் முறையே பாடல்கள் தொடங்குகின்றன. ங, ற, ன போன்று சொல்லுக்கு முதலாகா எழுத்துகளும் அவற்றுள் அடங்கும். அகரவரிசை கற்ற எவரும் இதன் வரிசையை மறவார். உடலைக் காப்பதற்கு உயிரும் மெய்யுமாகிய எழுத்துகளையே அரணாக்கிய இவ்வமைப்பு, மொழிப்பற்றும் உடற்பற்றும் ஒன்றாகும் இடம்.

1923 டிசம்பர் 27 அன்று சென்னைத் தம்புச்செட்டித் தெருவில் குதிரைவண்டி மோதிச் சுவாமிகளின் கால் முறிந்தது. அவர் அரசுப் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர்தம் அடியார் ஒருவர் சண்முக கவசத்தை இடைவிடாது ஓதினார் என்றும், 11ஆம் நாள் சுவாமிகள் மயில் காட்சி கண்டார் என்றும், கால் கூடியது என்றும் அன்பர் போற்றுவர். இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் அற்புதத்தையே மிகுத்துக் கூறுவர். நாம் கருத வேண்டியது வேறொன்று. கவசம் பாடிய புலவரே மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். மருத்துவரின் பணியும் அடியாரின் பாட்டும் ஒரே நாள்களில் நிகழ்ந்தன. மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நான்கு கூறுடையது என்று வள்ளுவர் வகுத்தார். அடியாரின் ஓதல் அவற்றுள் நான்காவதன் பாற்பட்டது. நான்காவதைக் கொண்டு முதல் மூன்றையும் விலக்குதல் வள்ளுவத்திற்கும் பொருந்தாது. சுவாமிகளின் வரலாற்றிற்கும் பொருந்தாது.

மூச்சும் ஓசையும்

ஓதுதல் மனத்தளவில் நிற்பதன்று. அஃது உடலின் வினையுமாம். அடி முடியும் இடத்தில் மூச்சு எடுக்கப்படுகிறது. அடி நீளும் அளவு மூச்சு விடப்படுகிறது. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வு, செபமாலை வேண்டுதலையும் யோக மந்திரத்தையும் ஓதிய 23 பேரிடம் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகத் தணிந்து, இதயத் துடிப்பின் சீர்மை மேம்பட்டதைக் காட்டியது. ஆய்வுக்கு உட்பட்டோர் நலமுடையோர், தொகையும் சிறிது. அதனின்று நோய் நீங்கும் என்று முடிவு கட்டலாகாது. மெல்ல ஓதினால் உடல் அமைதியுறும் என்ற அளவே கொள்ளத்தகும். ஒலிபெருக்கியில் விரைந்தோடும் கவசத்தைக் கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்ப்பவர்க்கு அவ்வமைதியும் வாய்ப்பதில்லை.

1979இல் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் சான் கபட்-சின் தொடங்கிய பயிற்சியில், நோயாளர் படுத்தபடி காலிலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனம் செலுத்துவர். கவசம் ஓதுவோர் செய்வதும் ஒருவகையில் அதுவே. வேறுபாடு என்னவெனில், அங்கே உறுப்பை நோக்குவதோடு நிற்பர். இங்கே உறுப்பின் பொருட்டு மன்றாடுவர். உடலை முன்பு இழிவென எண்ணியிருந்து, அதனுள் உறையும் மேலான பொருளைக் கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் கூறுவார். கவசத்தின் மன்றாட்டுக்குப் பின்னுள்ள மெய்யியல் அதுவே.

குறைகளும் கடமையும்

கவசத்தில் குறையே இல்லையா எனின், உண்டு. நோயைப் பேய்க்கும் பில்லி சூனியத்திற்கும் பகைவர்க்கும் அருகே வைத்து அது பேசுகிறது. இதனை அப்படியே ஏற்கும் உள்ளம், நோய்க்குக் காரணம் அயலாரிடம் தேடும். இறுதியில் வரும் நூற்பயனும் ஓதினார்க்கு எல்லா நலமும் உறுதி கூறுகிறது. நூற்பயன் கூறுதல் பத்தி நூல்களின் மரபு என்பதை ஆசிரியர் விளக்காவிடின், மாணவர் அதனை மருத்துவ உறுதிமொழியாகக் கொள்வர். மருந்தை நிறுத்திவிட்டு மந்திரத்தை மட்டும் நம்பினால் விளையும் கேடு சிறிதன்று. 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியோருள் 15.6 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர். இந்தியரிடையே அது மற்ற இனத்தாரினும் மிகுதி. 'மருந்து' அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு, அளவறிந்து உண்பதைப் பற்றியவை. கவசத்தின் வயிற்றுக்கு வேல் காவல் எனில், அவ்வேலுக்குத் துணை நாவடக்கமே.

தோட்டங்களை விட்டு நகர்ப்புறத் தாமான்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நம்மவர் பலர் பெயர்ந்துவிட்டனர். பெரட்டு மறைந்தது, ஆயினும் உடலைப் பிறர் கணக்கில் வைக்கும் வாழ்வு மறையவில்லை. ஆகவே இவ்விலக்கியம் கோயிலோடு நின்றுவிடாமல் வகுப்பறைக்கும் வர வேண்டும். கந்தர் சஷ்டி கவசத்தின் இரண்டு உடல் வருணனைகளையும் மாணவர் அருகருகே எழுதி ஒப்பிடட்டும். சண்முக கவசத்தின் எழுத்து வரிசையை ஆராயட்டும். அதே வாரத்தில் 'மருந்து' அதிகாரத்தையும் பயிலட்டும். தம் பாட்டனும் பாட்டியும் எவ்வுறுப்பின் நோவோடு அச்செய்யுளை ஓதினர் என்று வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். மனனம் செய்த பாட்டு அன்றுதான் அவர்க்கு இலக்கியமாகும்.