பேச்சுவாக்கில் ஒரு தீர்ப்பு

தமிழ் வார இதழ்களில் ஒருவகை எழுத்து உண்டு. அதனைக் கட்டுரை என்று சொல்வதற்கில்லை. திறனாய்வு என்றும் சொல்வதற்கில்லை. நண்பர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோலத் தொடங்கும். புதிதாக வந்த மென்பொருள் ஒன்றைப் பற்றி நான்கு வரி, முந்தின நாள் பார்த்த திரைப்படத்தைப் பற்றி மூன்று வரி, யாரோ அனுப்பிவைத்த நூலிலிருந்து ஒரு கவிதை, இடையே ஒரு நகைச்சுவை, பக்கம் முடிந்துவிடும். இவ்வெழுத்தைத் தமிழர் வீடுதோறும் கொண்டுசேர்த்தவர் சுஜாதா. ‘கணையாழி’ மாத இதழின் கடைசிப் பக்கங்களிலும், பின்னர் ‘ஆனந்த விகடன்’ இதழில் ‘கற்றதும் பெற்றதும்’ என்ற தலைப்பிலும் அவர் எழுதியவை நூல்களாகி, 2008 பிப்ரவரி 27-இல் அவர் மறைந்த பின்பும் விற்பனையாகி வருகின்றன. அவற்றைப் புகழ்வோர் பலர். வணிக எழுத்து என்று ஒதுக்குவோரும் உண்டு. நின்று எடைபோட்டுப் பார்த்தவர் குறைவு.

எஸ். ரங்கராஜன் என்பது அவருடைய இயற்பெயர். மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டார். 1935-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்து, திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டையில் மின்னணுப் பொறியியலும் பயின்றவர். வானூர்திப் போக்குவரத்துத் துறையில் சில காலம் இருந்துவிட்டுப் பெங்களூரில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முதன்மையான பங்கு ஏற்றார். 1982-இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் முதன்முதலாகச் சில வாக்குச்சாவடிகளில் பயன்பட்ட அவ்வகை இயந்திரம், 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகமெங்கும் வைக்கப்பட்டது. எங்கள் திருவண்ணாமலையிலும் அன்று மக்கள் வரிசையில் நின்று பொத்தானை அழுத்தினார்கள். அவருடைய கதை ஒன்றைக்கூடப் படித்திராத கிராமத்து மூதாட்டியும் அவர் கைபட்ட பணியின் பயனைத் தொட்டிருக்கிறார். எழுத்தாளர் எத்தனை பேருக்கு இது வாய்க்கும்?

இந்தப் பின்புலத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணிப்பொறியைப் பற்றி அவர் பேசியபோது அது கேள்வி ஞானமாக இருக்கவில்லை. சுற்றுகளைக் கையால் இணைத்துப் பார்த்தவர், பிழைபட்டால் எங்கே பிழைபடும் என்று அறிந்தவர், அந்த அறிவை மறைத்துக்கொண்டு எளிமையாகப் பேசினார். ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ என்ற நூலையும், ‘ஜூனியர் விகடன்’ இதழில் வெளிவந்த ‘ஏன் எதற்கு எப்படி’ கேள்வி-பதில்களையும் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். இயந்திரத்தைத் தெய்வமாக்கி வணங்கவும் இல்லை. பூதமாக்கி அஞ்சவும் இல்லை. தட்டச்சுப் பயிலகங்கள் கணிப்பொறிப் பயிலகங்களாகப் பெயர்ப்பலகை மாற்றிக்கொண்ட ஆண்டுகளில், எங்கள் ஊர் போன்ற கோயில் நகரங்களின் பிள்ளைகளுக்கு ஆசிரியர் சொல்லித் தராததை வார இதழ் சொல்லித் தந்தது. அவரும் ஒரு கோயில் நகரத்துப் பிள்ளைதாம். அவர் சிறுவராக இருந்தபோது திருவரங்கத்தின் தெற்குக் கோபுரம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1987-இல்தான் அது 236 அடி உயர்ந்தது. 217 அடிக் கோபுரத்தின் நிழலில் வளர்ந்த எம் இளைஞர்களுக்கு, வீதியும் தேரும் திருவிழாக் கூட்டமும் அறிந்த ஒருவர் கணிப்பொறியும் அறிந்திருக்கிறார் என்பதே ஒரு துணிவைத் தந்தது. இந்த நன்மையை மறுப்பவர் அக்காலத்துச் சிறு நகரங்களை அறியாதவர்.

எனினும் அவருடைய கணிப்பொறிச் சிந்தனையின் உச்சம் பத்திகளில் இல்லை. ஒரு கதையில் இருக்கிறது. 1980-களில் ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ என்ற புதினத்தைச் சொல்கிறேன். அதன் தொடர்ச்சி ‘மீண்டும் ஜீனோ’. கதை நிகழும் காலமாக அவர் அன்று கற்பனை செய்த ஆண்டுகளை நாம் இன்று கடந்தே வந்துவிட்டோம். ஜீவா என்ற தலைவனின் ஆட்சியில் நாடு ஒழுங்காக இயங்குகிறது. பெயர்கள் இரண்டெழுத்தில் சுருங்கிவிட்டன. குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டும். அந்த இசைவைப் பெற்ற நிலா என்ற பெண்ணின் கணவன் காணாமற் போகிறான். அவளுக்குத் துணையாக வந்து சேர்வது ஜீனோ என்னும் இயந்திர நாய். அது பேசும், புத்தகம் படிக்கும், படிக்கப் படிக்கத் தன் எசமானன் சொன்னதற்கு அப்பாலும் எண்ணத் தொடங்கும். மக்கள் தொழுது நிற்கும் தலைவனோ வெறும் ஒளியுருவம் என்பது பின்னால் தெரியவருகிறது.

இங்கே ஆசிரியர் செய்திருக்கும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். மனிதன் என்று எல்லாரும் நம்பியது நிழல். பொம்மை என்று எல்லாரும் நினைத்தது உயிர்போல் நடந்துகொள்கிறது. ஜீனோவுக்குப் பரிவு வந்தது எதனால்? யாரும் ஒரு சில்லைச் செருகி அதை உண்டாக்கவில்லை. அது படித்தது, ஒரு பெண்ணின் துன்பத்தை அருகிலிருந்து பார்த்தது. அறிவு முதிர்ந்தால் அது இரக்கமாகக் கனியும் என்ற நம்பிக்கை அந்தப் புதினத்தின் அடியில் ஓடுகிறது. அந்த நம்பிக்கை சரியா தவறா என்று வாதிடலாம். ஆனால் அது ஒரு முழுமையான சிந்தனை. பேச்சுவாக்கில் உதிர்ந்த சொல்லன்று.

இதனோடு ‘எந்திரன்’ திரைப்படத்தை ஒப்பிடுவது தவிர்க்க முடியாதது. சுஜாதாவின் பங்களிப்போடு உருவாகி, அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின்னர், 2010-இல் அது வெளிவந்தது. வசனத்தில் இயக்குநர் ஷங்கருக்கும் மதன் கார்க்கிக்கும் பங்குண்டு. ஆகவே எந்த எண்ணம் எவருடையது என்று பிரித்துச் சொல்வது நியாயமாகாது. படத்தின் முற்பகுதியில் ஒரு காட்சி என்னை மிகவும் பாதித்தது. தீப்பற்றிய கட்டடத்திலிருந்து இயந்திரம் ஒரு பெண்ணைக் காப்பாற்றித் தூக்கிவருகிறது. குளித்துக்கொண்டிருந்தவளை ஆடையின்றி ஊர்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவள் நாணம் தாளாமல் ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காக்கத் தெரிந்ததற்கு மானத்தைக் காக்கத் தெரியவில்லை. இந்த ஒரு காட்சியில் பெரியதொரு அறக்கேள்வி நிற்கிறது. படம் அக்கேள்வியின் அருகே சிறிது நேரம் நின்றுவிட்டு நகர்ந்துவிடுகிறது. இயந்திரத்துக்கு உணர்ச்சி ஊட்டப்படுகிறது, உணர்ச்சி உடனே காதலாகிறது, காதல் பகையாகிறது, சிவப்புச் சில்லு ஒன்று வந்து பகையைப் பேரழிவாக்குகிறது. எஞ்சிய நேரம் முழுவதும் வண்டிகள் மோதுகின்றன, துப்பாக்கிகள் முழங்குகின்றன. சிறுவர் கைப்பேசியில் விளையாடும் விளையாட்டுகளுக்கும் அந்தப் பகுதிக்கும் வேறுபாடு காண்பது கடினம். இறுதியில் அருங்காட்சியகத்தில் நிற்கும் அவ்வியந்திரம், தான் சிந்திக்கத் தொடங்கியதே தன்னைக் கழற்றிவைத்ததற்குக் காரணம் என்ற பொருள்படப் பேசுகிறது. சிந்தனையால் ஜீனோ நல்லதாயிற்று. இதுவோ சிந்தனையால் குற்றவாளியாயிற்று. இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் கதை தலைகீழாகிவிட்டது.

திரையுலகம் எழுத்தாளரை வளைத்துவிட்டது என்று சொல்லி இதனை முடித்துவிட எனக்கு மனமில்லை. ‘ரோஜா’ (1992), ‘இந்தியன்’ (1996), ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) ஆகிய படங்களில் அவர் எழுதிய சிக்கனமான வசனம் தமிழ்த் திரையின் நீண்ட மேடைப்பேச்சுக்கு மாற்றாக அமைந்தது. ஆனால் 2003-இல் ‘பாய்ஸ்’ வந்தது. பதின்பருவத்துப் பிள்ளைகளின் பேச்சை உள்ளபடி காட்டுகிறோம் என்ற பெயரில் அதில் இடம்பெற்ற உரையாடல்கள் பெற்றோரிடையே கடும் எதிர்ப்பை எழுப்பின. அவருடைய எழுத்துகளைத் தொடர்ந்து வெளியிட்டுவந்த ‘ஆனந்த விகடன்’ இதழே அப்படத்துக்கு ஒற்றைச் சொல்லில் அருவருப்பைக் காட்டி விமரிசனத்தை முடித்துக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சில வரிகளில் தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தை வளர்த்தவருக்கே ஒரு சொல்லில் தீர்ப்பு வந்தது. அந்த ஒரு சொல்லையும் நான் திறனாய்வாக ஏற்க மாட்டேன். எந்த வசனம், ஏன் இழிந்தது, பிள்ளைகளின் உண்மையான பேச்சைக் காட்டுவதற்கும் அதனைச் சந்தைப்படுத்துவதற்கும் எல்லை எங்கே என்று அது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெற்றோருக்கும் பயன்பட்டிருக்கும், எழுத்தாளருக்கும் பயன்பட்டிருக்கும்.

பேச்சுவாக்கு எழுத்தின் உண்மையான குறை இதுதான் என்று கருதுகிறேன். அது முடிவைத் தருகிறது. முடிவுக்கு வந்த வழியைத் தருவதில்லை. மென்பொருளைப் பற்றிச் சொல்லும்போது இதனால் பெருந்தீங்கு இல்லை. ஒன்று பயன்படும் அல்லது பயன்படாது. வாசகர் தாமே இயக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கவிதையும் திரைப்படமும் அப்படியல்ல. நா. முத்துக்குமாரின் ‘தூர்’ என்ற கவிதையைச் சுஜாதா பாராட்டியபின் அந்த இளைஞரின் பெயர் பரவியது. அப்பாராட்டு தகுதியானதே, நல்ல கவிதையைக் கண்டுகொள்ளும் காது அவருக்கு இருந்தது. ஆனால் அவர் கண்ணில் படாத கவிஞர் என்ன ஆனார்? ஒருவருடைய விருப்பம் ஊருக்கே அளவுகோல் ஆகிவிட்டால், அவர் எவ்வளவு நல்லவராயினும், வாசகரின் சொந்த நாக்கு சுவை மறந்துவிடும். அவருடைய பத்தியில் வந்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகக் கடைக்குச் செல்வோரை நான் அறிவேன். அப்பட்டியலுக்கு வெளியே அவர்கள் கை நீளவில்லை.

அவருடைய குறையை மட்டும் பற்றிக்கொண்டு, நிறையை விட்டுவிட்டவர்கள் பின்னால் வந்தார்கள். இன்று படம் தொடங்கி அரைமணி நேரம் ஆவதற்குள் கைப்பேசியில் மதிப்பெண் வந்துவிடுகிறது. சுஜாதாவின் நான்கு வரிகளுக்குப் பின்னால் நாற்பதாண்டு வாசிப்பு இருந்தது: ஆழ்வார் பாசுரம், ஆங்கிலச் சிறுகதை, மின்சுற்று, வானொலி. அவர் இலேசாகப் பேசியது பாரம் தூக்கிப் பழகியவர் இலேசாக நடப்பதைப் போன்றது. நடையை மட்டும் பார்த்துக் கற்றவர்களிடம் தோள் வலிமையை எதிர்பார்க்க முடியாது.

கல்லூரியில் கணிப்பொறி பயிலும் இளைஞர்கள் எங்கள் நகரில் இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். சுஜாதாவை எங்கிருந்து தொடங்குவது என்று அவர்கள் கேட்டால், முதலில் ‘என் இனிய இயந்திரா’, உடனே ‘மீண்டும் ஜீனோ’ என்பேன். பின்னர் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’. இயந்திரம் எதுவுமின்றி மனிதரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்பது அங்கே தெரியும். ‘கற்றதும் பெற்றதும்’ தொகுதிகளைக் கடைசியாக எடுத்துக்கொள்ளலாம். அதையும் ஒரே மூச்சில் படிக்காமல், ஒரு பத்தியைப் படித்ததும் அவர் குறிப்பிடும் கவிதையையோ படத்தையோ தேடிப் பார்த்துவிட்டு, அவர் சொன்னது சரிதானா என்று ஒரு தாளில் எழுதிவைத்த பின்னரே அடுத்த பத்திக்குச் செல்ல வேண்டும்.