நாரதரின் தரகும் வள்ளியின் மறுமொழியும்: புதுக்கோட்டை வட்டார இசை நாடகத்தில் ஒரு காட்சி

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறும் இசை நாடகங்களுள் 'வள்ளி திருமணம்' முதன்மையானது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பெயரோடு இணைத்து வழங்கப்பெறும் இந்நாடகத்தைப் பக்தி நாடகம் என வகைப்படுத்தி விட்டுவிடுவதே நம் ஆய்வு வழக்கமாக உள்ளது. அது மேலிடத்துச் சம்பந்தம் பேசும் நகைச்சுவை நாடகமும் ஆகும். நாரதர்–வள்ளி தர்க்கக் காட்சியே அதற்குச் சான்று.

கந்தபுராணத்தின் வள்ளியம்மை திருமணப் படலத்தில் நாரதர் செய்தி சொல்பவர். வள்ளியின் அழகை முருகனிடம் எடுத்துரைப்பதோடு அவர் பங்கு பெரும்பாலும் முடிகிறது. மேடையிலோ அவர் தினைப்புனத்திற்கே வந்து மாப்பிள்ளையின் குலமும் பெருமையும் பாடிப் பெண்ணிடம் இசைவு கேட்கிறார். தேவர் குலத்து வரன்; பெண்ணோ வேடர் தலைவன் நம்பிராசன் வளர்த்த மகள். இந்த ஏற்றத்தாழ்வே நகைச்சுவைக்கு ஊற்று. வரனின் பெருமையை நாரதர் அடுக்க அடுக்க, வள்ளியின் வினாக்கள் கூர்மையடைகின்றன. துறவிக்கு இத்தரகு எதற்கு? தெய்வயானை இருக்க இன்னொருத்தி எதற்கு? அவையோர் சிரிப்பது இவ்விடங்களில்தான். இந்திரன் தன் மகளைத் தானே மணம் செய்து கொடுத்த தெய்வயானை திருமணம் இவ்வளவு பெருவழக்காக மேடையேறவில்லை என்பதும் எண்ணத்தக்கது. அங்குப் பெண்ணிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. தர்க்கத்துக்கு இடம் ஏது?

இக்காட்சியின் வலிமை அச்சுப் பனுவலில் முழுமையாகப் புலப்படாது. ஸ்பெஷல் நாடகம் என்னும் பெயரே நடிகர் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பெறுவதைக் குறிக்கும். நாரதராக வருபவர் ஓர் ஊர், வள்ளியாக வருபவர் வேறோர் ஊர், முன்னொத்திகை இல்லை. ஆர்மோனியக்காரர் பிடிக்கும் சுருதியில் பாட்டுக்குப் பாட்டும் வசனத்துக்கு வசனமும் அவ்விரவிலேயே உருவாகின்றன. வள்ளி திருமணத்துக்கு இசைவாள் என்பது எல்லோரும் அறிந்த கதை. நாரதருக்கு அவள் என்ன விடை கூறுவாள் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். விடை தடுமாறினால் தோற்பது வள்ளி அல்லள், அந்நடிகை. அடுத்த திருவிழாவுக்கு அவரை அழைப்பதா என்னும் கணக்கும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சுவாமிகள் புதுக்கோட்டையில் லய மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் தாள நுட்பம் பயின்றவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். பனுவல் ஒழுங்கை வற்புறுத்திய ஆசிரியரின் பெயராலேயே பனுவலை மீறும் தர்க்கம் வளர்ந்தது ஒரு சுவையான முரண்.

சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட நூல் மதுரை ஸ்பெஷல் நாடகத்தை விரிவாக ஆராய்ந்தது. எனினும் அதன் கவனம் பபூன்–டான்ஸ் காட்சியின் மீதும் நடிகையர் சுமக்கும் இழிவின் மீதும் நிலைகொண்டது. பின்னிரவுக்குரிய தர்க்கம் இன்னும் தனி ஆய்வுக்கு உரியதாகவே உள்ளது.

தரகரை மையமாக்கிய பிராட்வே இசை நாடகமான 'ஹலோ, டாலி!' (1964) இங்கு நினைவுக்கு வருகிறது. அதில் டாலி, தான் பெண் தேடித்தரும் செல்வரைத் தானே மணக்கிறாள். தரகுக்குப் பின்னுள்ள தன்னலம் வெளிப்படையானது. நாரதருக்கு அத்தகைய ஆதாயம் இல்லை. ஆகவே வள்ளியின் ஐயம் தரகரைக் கடந்து, அவர் கொண்டுவரும் 'பெரிய இட'த்தின் மீதே பாய்கிறது.

ஆயினும் இக்காட்சியைப் பெண் உரிமைக் குரல் எனப் புகழ்ந்துவிட முடியாது. சொல்லால் வெல்ல இயலாத வள்ளியை விநாயகர் யானையாக வந்து அச்சுறுத்துகிறார். அஞ்சியவள் கிழவராக வந்த முருகனைத் தஞ்சமடைகிறாள். தரகரிடம் செல்லுபடியான மறுப்பு யானையிடம் செல்லவில்லை. இந்தப் பகுதி பெரும்பாலும் விரைந்து கடக்கப்பெறுவது வைகறை நெருங்குவதால் மட்டும்தானா என ஐயுறுகிறேன். இரவெல்லாம் மறுமொழி சொன்ன பெண்ணை ஒரு பிளிறலில் அடக்கும் இடத்தில் நீண்டு நிற்க மேடையும் விரும்பவில்லை போலும்.