படைச் சிற்றுருவங்களில் நடப்பியலும் துல்லியமும்: சைபார்னின் வாட்டர்லூ மாதிரியுருவை முன்வைத்து

முன்னுரை

போரைச் சொல்லாற் பாடுவது போலவே போரை உருவாற் சமைத்தலும் தொன்மையான மரபாகும். மரத்திலும் மண்ணிலும் உலோகத்திலும் படைவீரரைச் சிறிய அளவில் வடிக்கும் கலை, அண்மைக் காலத்தில் வரலாற்றுச் சான்றுகளைத் துணைக்கொண்டு நுணுக்கமாக வளர்ந்துள்ளது. இக்கலையைத் திறனாய்வோர் 'நடப்பியல்', 'துல்லியம்' என்னும் இரண்டையும் ஒருபொருட் சொற்களாகவே பெரிதும் ஆள்கின்றனர். ஓர் உருவின் பொத்தானும் வாளுறையும் சரியாக இருப்பின், அது போரின் உண்மையையும் காட்டிவிட்டது என்று கொள்ளப்படுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறானவை, சில இடங்களில் ஒன்றோடொன்று முரணுவன என்பதை வில்லியம் சைபார்ன் உருவாக்கிய வாட்டர்லூ மாதிரியுருவின்வழி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்தாக்கமும் முன்மரபும்

இலக்கியப் பொருள் அமையும் முறையைத் தொல்காப்பியம் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இருவகையாற் பகுத்து நோக்குகிறது. உலகில் உள்ளவாறு கூறுவது ஒன்று. சுவைபடப் புனைந்து கூறுவது மற்றொன்று. புலனெறி வழக்கம் இவ்விரண்டும் இணைந்த நிலையில் அமைவது. அகப்பாடலுக்கு வகுக்கப்பட்ட இப்பகுப்பு, சிற்றுருவக் கலையை மதிப்பிடவும் தக்க கருவியாகிறது.

எகிப்தின் அசியூத் நகரில் மெசெத்தி என்பவரின் கல்லறையிற் கிடைத்த மரப் படைவீரர் தொகுதிகள் இதற்குப் பழைய சான்றாகும். பதினொன்றாம் அரசமரபுக் காலத்தைச் சேர்ந்த இவற்றுள் ஒரு தொகுதியில் 40 எகிப்திய ஈட்டி வீரரும், மற்றொன்றில் 40 நூபிய வில்வீரரும் நான்கு வரிசைகளில் அணிவகுத்து நடக்கின்றனர். கேடயங்களில் தீட்டப்பட்ட மாட்டுத்தோலின் புள்ளிகள் வேறுபடுகின்றன. வீரர்தம் உயரமும் ஒரே சீராக இல்லை. இவை உலகியல் வழக்கின்பாற்பட்டவை. ஆயின் அனைவரும் ஒரே காலை முன்வைத்து நடக்கும் ஒழுங்கு, இறந்த தலைவனுக்கு மறுமையிலும் துணைநிற்கும் படை என்னும் நோக்கிலிருந்து பிறந்தது. அதனை நாடக வழக்கு எனலாம். சிற்றுருவின் நுண்மையும் அதன் நோக்கமும் தனித்தனியே ஆராயத்தக்கவை என்பது இதனாற் புலனாகிறது.

சைபார்னின் உழைப்பு

1815 சூன் 18 அன்று நிகழ்ந்த வாட்டர்லூப் போரின் மாதிரியுருவை அமைக்கும் பணி, 1830-இல் பிரித்தானியப் படை அலுவலரான சைபார்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் போர்க்களத்தின் நடுவே அமைந்த லா ஹே செந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரிற் பங்குகொண்டு உயிருடன் இருந்த அலுவலர்களுக்குச் சுற்றுமடல் அனுப்பினார். மாலை 7 மணியளவில் அவரவர் படைப்பிரிவு எவ்வாறு அணிவகுத்து நின்றது, எதிரே நின்ற பகைவரின் அணி யாது, அவ்விடத்து நிலத்தில் விளைந்திருந்த பயிர் யாது என்பன அவர் எழுப்பிய வினாக்கள். பயிரின் வகையைக்கூட விடாது கேட்ட இச்செயல், துல்லியத்தின்பால் அவருக்கிருந்த பற்றைக் காட்டுகிறது. அவருக்கு வந்த மடல்களில் ஒரு பகுதியை அவர்தம் மகன் 1891-இல் நூலாக வெளியிட்டார். வாட்டர்லூ ஆய்வுக்கு இன்றும் அவை முதன்மைச் சான்றுகள்.

எனினும் அம்மடல்கள் போர் நிகழ்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின் எழுதப்பட்டவை. நெப்போலியனின் காவற்படையை முறியடித்த பெருமை முதலாம் காலாட் காவற்படைக்கு உரியதா, 52-ஆம் படைப்பிரிவுக்கு உரியதா என்பதில் கண்டோரிடையே கருத்து வேறுபட்டது. சான்று மிகுந்தவிடத்து முரணும் மிகும். ஏட்டில் எழுதுவோர் இருவர் கூற்றையும் அருகருகே வைக்க இயலும். உருவமைப்போனோ ஓர் இடத்தில் ஒரு படையைத்தான் நிறுத்த முடியும். இது கலைஞனின் குறையன்று. அக்கலையின் இயல்பான எல்லை.

அளவையும் உருவும்

மாதிரியுருவின் நிலப்பரப்பு ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்ற அளவையில் அமைந்தது. அவ்வளவையில் மனிதனின் உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டராகவே இருத்தல் வேண்டும். ஆனால் அதில் நிறுத்தப்பட்ட உருவங்கள் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உயரமுடையவை. 70,000-க்கும் மேற்பட்ட அவ்வுருவங்கள் ஏறத்தாழ இரு வீரர்க்கு ஓர் உருவம் என்ற கணக்கில் வைக்கப்பட்டன. நிலத்தினும் மும்மடங்கு பெரிய உருவங்களை அந்நிலத்தில் அடக்க இத்தகைய எண்ணிக்கைக் குறைப்பு துணைநின்றது எனக் கருத இடமுண்டு. அளவையின் விதியை மீறியதனாலேயே காண்போர் கண்ணுக்கு வீரன் வீரனாகத் தெரிந்தான். இங்கு நடப்பியல் துல்லியத்தை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது.

உடையிலும் இத்தகைய முரண் உண்டு. சூன் 17 இரவு முழுதும் பெய்த கனமழையால் மறுநாட்காலை களம் சேறாயிருந்தது. வீரர் பலர் தொப்பிக்கு மேல் உறையிட்டிருந்தனர். அன்று தொட்டு இன்றுவரை வாட்டர்லூ வீரரை வடிப்போர் பலர், படைவிதி வகுத்த சீருடையைப் புத்தம் புதிதாகத் தீட்டுகின்றனர். விதிநூலை நோக்க அவ்வுரு துல்லியமானது; அந்நாளை நோக்க நாடக வழக்கினது.

பிரஷ்யப் படையும் மறைப்பும்

மாதிரியுருவின் முதன்மைச் சிக்கல் பிரஷ்யப் படையைப் பற்றியது. அன்று பிற்பகல் நான்கரை மணியளவிலிருந்து பிரஷ்யர் பிரெஞ்சுப் படையின் வலப்புறத்தைத் தாக்கினர். பிளான்சென்வா ஊரில் கடும் போர் நிகழ்ந்தது. திரட்டிய சான்றுகளின்படி சைபார்ன் அப்படையைப் பெருந்தொகையாகக் களத்தில் நிறுத்தினார். வெலிங்டனின் படைத்துறைச் செயலரான ஃபிட்ஸ்ராய் சோமர்செட், மாதிரியுரு காட்சிக்கு வருமுன்பே இதற்கு மறுப்புத் தெரிவித்தார். பிரஷ்யரின் பங்கு மிகைப்பட்டுத் தோன்றும் என்பது அம்மறுப்பின் சாரம். இத்தனைக்கும் 1815 சூன் 19 நாளிட்ட தம் அறிக்கையில் வெலிங்டனே பிரஷ்யரின் உதவியை வெளிப்படப் போற்றியிருந்தார்.

1833-இல் அரசின் பொருளுதவி நின்றுபோகவே சைபார்ன் தம் பொறுப்பிலேயே பணியை முடித்தார். 1838-இல் லண்டன் எகிப்தியக் கூடத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் அதனைக் கண்டனர். ஆயினும் அவர் இட்ட பொருள் மீளவில்லை. பின்னர்ப் பிரஷ்யரைக் குறித்த உருவங்களிற் பெரும்பகுதி அகற்றப்பட்டது. இதனை வெலிங்டன் தரப்பின் அழுத்தத்தால் நேர்ந்த வரலாற்று மறைப்பு எனப் பீட்டர் ஹோஃப்ஷ்ரோயர் 2004-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். வெலிங்டனின் நோக்கம் பற்றிய அவர் முடிவைப் பிற ஆய்வாளர் சிலர் ஏற்கவில்லை. நோக்கம் எதுவாயினும் விளைவு வெளிப்படை. எஞ்சிய ஒவ்வோர் உருவும் முன்போலவே நுட்பமாக உள்ளது. சீருடையிற் பிழை இல்லை. ஆயினும் களத்தின் பொருள் மாறிவிட்டது. கூட்டுப்படையின் வெற்றி, காண்போர் கண்ணில் ஒரு நாட்டின் வெற்றியாகச் சுருங்குகிறது.

1844-இல் சைபார்ன் அமைத்த இரண்டாம் மாதிரியுரு, 15 அடிக்கு ஓர் அங்குலம் என்ற பெரிய அளவையில், பிற்பகலில் நிகழ்ந்த பிரித்தானியக் குதிரைப்படைத் தாக்குதலை மட்டும் காட்டுகிறது. அத்தாக்குதல் பிரஷ்யர் போரில் இறங்குமுன் நிகழ்ந்தது. காலத்தைத் தேர்ந்தமையால் முன்னைய பூசல் இதில் எழ இடமில்லாது போயிற்று. எந்தக் கணத்தைக் காட்டுவது என்னும் தேர்வும் ஒரு வரலாற்றுக் கூற்றே என்பது இதனால் விளங்கும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. துல்லியம் உறுப்புகளைச் சார்ந்தது. நடப்பியல் உறுப்புகள் இணைந்து தரும் முழுமையைச் சார்ந்தது. அளவையை மீறிய உரு நடப்பியல் உடையதாதல் கூடும். விதிக்குப் பொருந்திய உரு களத்தின் உண்மையினின்று விலகுதலும் கூடும். சிற்றுருத் தொகுதியில் நேரும் பெரும்பிழை, இருக்கும் உருவில் அன்றி இல்லாத உருவில் அமைகிறது. பிழையான பொத்தானைக் கண்ணுடையார் எவரும் காண்பர்; களத்தினின்று நீக்கப்பட்ட படையை ஆவணம் கற்றவரே காண்பர். ஆதலின் இக்கலையைத் திறனாய்வோர் உருவின் நுட்பத்தோடு அமையாது, யார் நிறுத்தப்பட்டனர், யார் விடப்பட்டனர், எந்தக் கணம் தேரப்பட்டது என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.