நன்னூலின் நல்லாசிரியன் – யாழ்ப்பாணத்துக் கல்வி மரபை முன்வைத்து ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்திலே ஆசிரியர் ஒருவர் இளைப்பாறும்போது எடுக்கப்படும் விழாவிலும் அவரின் பொருட்டு வெளியிடப்படும் மலரிலும் தவறாது இடம்பெறும் பாராட்டொன்று உண்டு. அவர் நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் ஒத்தவர் என்பதே அது. இவ்வுவமைகள் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பொதுப்பாயிரத்திலிருந்து பெறப்பட்டவை. பாராட்டுவோர் பலர் அவற்றின் பொருளை ஆழ்ந்து நோக்குவதில்லை, பாராட்டப்படுவோரும் வினாவுவதில்லை. இலக்கணமாகக் கூறப்பட்ட ஒன்று காலப்போக்கில் அலங்காரமாக மாறிவிட்டது. எனவே நன்னூல் நல்லாசிரியனை எவ்வாறு காண்கின்றது, அக்காட்சியில் எது நிலைபேறுடையது, எது கைவிடத்தக்கது என்பவற்றை இம்மண்ணின் கல்வி வரலாற்றோடு பொருத்தி ஆராய்வது பயனுடையதாகும்.

நன்னூல் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்கச் சமண முனிவர் ஒருவரால் இயற்றப்பட்டது. எழுத்தையும் சொல்லையும் விளக்குவதே அதன் நோக்கமாயினும், அவற்றிற்கு முன்னாக நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லுதல், மாணாக்கன், பாடங்கேட்டல் ஆகிய ஐந்தும் பொதுப்பாயிரத்திலே வரையறுக்கப்பட்டுள்ளன. மொழியிலக்கணத்தைக் கற்பிக்கப் புகுமுன் கற்பித்தலின் இலக்கணத்தைத் தெளிவுபடுத்தல் வேண்டும் என்ற இக்கருத்தே வியந்து போற்றத்தக்கது. இன்று கல்வியியல் எனத் தனித்துறையாக வளர்ந்துள்ள பொருளின் வித்துக்கள் பல இப்பகுதியில் உள்ளன எனலாம்.

முதலில் நான்கு உவமைகளையும் நோக்குவோம். நிலம் தன் பரப்பு இவ்வளவென எளிதில் அறியப்படாதது, தன்மேல் ஏற்றிய பாரத்தைத் தாங்குவது, அகழ்வோரையும் பொறுப்பது, பருவத்திற்கும் உழவனின் முயற்சிக்கும் ஏற்பப் பயன் தருவது. ஈற்றில் நின்ற இயல்பே இங்கு ஊன்றி நோக்கற்பாலது. ஆசிரியன் எத்துணைப் புலமை உடையவனாயினும் மாணாக்கனின் உழைப்பின்றி விளைவில்லை என்பது இதனாற் பெறப்படுகின்றது. மழையையும் கிணற்றையும் நம்பி, கல்லைப் பிளந்து தோட்டஞ் செய்யும் யாழ்ப்பாணத்து விவசாயிக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. மலை அளவிடற்கரிய பொருள்களைத் தன்னகத்தே கொண்டது, அசையாதது, வறட்சியிலும் தன்பால் வந்தோர்க்கு நீர் வழங்குவது. துலாக்கோல் ஐயத்தை அகற்றுவது. எப்பக்கமும் சாயாது நடுநிற்பது. மலர் நற்காரியங்களுக்கு இன்றியமையாதது, மென்மையானது, உரிய பொழுதில் மலர்வது. அறிவும் திண்மையும் ஆசிரியனுக்கு வேண்டுமென எவரும் கூறுவர். அவற்றோடு நடுநிலையையும் முகமலர்ச்சியையும் சேர்த்துக் கூறியமையே நன்னூலாரின் நுண்மாண் நுழைபுலத்தைக் காட்டுகின்றது. முகங் கடுத்த ஆசிரியனிடம் மாணாக்கனுக்கு ஐயமே எழுவதில்லை, எழுந்தாலும் வெளிவருவதில்லை.

நல்லாசிரியனை விளக்கியதோடு அமையாது, ஆசிரியராகத் தகாதவரையும் நன்னூல் நான்கு உவமைகளாற் காட்டுகின்றது. கழற்காய்களை இட்ட குடத்தைக் கவிழ்த்தால் அவை இட்ட ஒழுங்கில் வெளிவருவதில்லை. கற்றவற்றை முறைமாற்றி உரைப்பவன் அத்தகையவன். கருக்கு மட்டைகள் சூழ்ந்த பனையில் எவரும் ஏறமுடியாது. பழம் தானாக விழுந்தாற்றான் உண்டு. பிறர் அணுகவிடாது, தான் விரும்பியபோது மாத்திரம் ஏதேனும் உதிர்ப்பவன் அப்பனையை ஒப்பான். பஞ்சடைத்த குடுவையில் அடைப்பதும் எடுப்பதும் சிறிது சிறிதாகவே நிகழும். வருந்திக் கற்று வருந்திக் கற்பிப்பவன் அதனை ஒப்பான். வளைந்த தென்னை நீர்வார்த்தவனை விடுத்து அயலவன் வளவிலே காய்களைச் சொரியும். வழிபட்ட மாணாக்கனை மறந்து பிறர்க்குப் பயன்படுபவன் அதனை ஒப்பான். பனைகளும் வேலி கடந்த தென்னைகளும் நிறைந்த இக்குடாநாட்டில் இவ்வுவமைகள் நகையை விளைவிக்கும். ஆனால் அந்நகைக்குள் கூரியதொரு கண்டனம் அடங்கியுள்ளது. இந்நால்வருள் எவனும் கல்லாதவன் அல்லன். கல்வி உடைமை வேறு, கற்பிக்கும் ஆற்றல் வேறு என்ற உண்மையை நன்னூல் தெற்றெனப் புலப்படுத்துகின்றது. பட்டத்தையும் பதவியையும் கொண்டு ஆசிரியனை அளக்கும் இன்றைய வழக்கிற்கு இது தக்க மறுமொழியாகும்.

கற்பிக்கும் முறைபற்றி நன்னூல் கூறுவனவும் செறிவானவை. காலமும் இடமும் அறிந்து, சொல்லவேண்டிய பொருளை உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, அவசரமும் கோபமும் இன்றி, மாணாக்கன் ஏற்கும் ஆற்றலை உணர்ந்து, கோணாத மனத்தோடு சொல்லுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. இதனை யாழ்ப்பாணத்திலே செயலாக்கியவர்களுள் ஆறுமுக நாவலர் (1822–1879) தலையாயவர். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பு முயற்சிக்குத் துணைநின்ற நாவலர், 1848இல் அப்பதவியைத் துறந்து வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனரிமாரிடம் அவர் கண்ட வகுப்புமுறையும் அச்சுநூலும் மரபுவழிக் கல்வியோடு அங்கே இணைந்தன. படிமுறையாக அமைந்த பாலபாடங்களும், பெரியபுராணத்தை 1852இல் வசனமாக்கியமையும், இலக்கணச் சுருக்கமும் மாணாக்கனின் தகுதியறிந்து கற்பித்தலின் கண்கூடான சான்றுகளாகும். கடினமான பொருளை எளிமையாக்குதல் புலமைக்கு இழுக்கென எண்ணப்பட்ட காலத்தில், எளிமையாக்குதலே புலமையின் கடன் என அவர் நிறுவினார்.

மேலும், கற்றல் எவ்வாறு நிறைவுறும் என்பதற்கு நன்னூல் ஒரு கணக்குத் தருகின்றது. ஆசிரியனிடம் செவ்வையாகக் கேட்டாலும் காற்பங்கே கைவரும். உடன்கற்போரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வரும். எனவே கற்பித்தல் கற்றலின் முடிவன்று. அதன் பெரும்பாகமே அதுதான். நாவலரின் மாணாக்கரும் மருகருமான ந. ச. பொன்னம்பலபிள்ளையிடமும், பின்னர்ச் சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவரிடமும் பாடங்கேட்டவர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர். அவர் தொல்காப்பியத்திற்கு எழுதிய விளக்கக் குறிப்புக்கள், பல்லாண்டு பாடஞ்சொல்லித் தெளிந்த ஐயங்களின் விளைவு எனலாம். ஆசிரிய பரம்பரை ஒன்று தொடர்ந்து இயங்கியதன் பயனை அப்பதிப்பிலே காணலாம்.

இதுவரை கூறியன நன்னூலின் சிறப்புக்கள். திறனாய்வு அவ்வளவில் அமைதல் தகாது. நல்லாசிரியனின் பண்புகளைத் தொகுக்கும்போது நன்னூல் முதலாவதாக வைப்பது குலத்தை, உயர்குடிப் பிறப்பை. அருள், இறைநம்பிக்கை, கலைத்தெளிவு, சொல்வன்மை, உலகியலறிவு ஆகிய யாவும் அதன் பின்னரே வருகின்றன. பாடங்கேட்டற்குரியோரைக் கூறுமிடத்தும் ஆசிரியனின் மகன், அவனுடைய ஆசானின் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபடுபவன் ஆகியோரை முன்வைத்து, சொன்னதை விரைந்து பற்றும் ஆற்றலுடையவனை இறுதியில் வைக்கின்றது. இவ்வரிசை தற்செயலானதன்று. கல்வி சில குடும்பங்களின் உடைமையாகவும் அரசரின் ஆதரவில் தங்கியதாகவும் இருந்த நிலமானிய சமுதாயத்தின் முத்திரை இதிலே பதிந்துள்ளது.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. நாவலரின் தொண்டு எத்துணைப் பெரிதாயினும், அவர் சாதியாசாரத்தை ஏற்றுக்கொண்டவர் என்பதை அவர்தம் எழுத்துக்களே உணர்த்துகின்றன. அவர் ஏற்றிய விளக்கின் ஒளி வேலிக்கு அப்பால் நின்ற சிறுவர்மீது படவில்லை என்பதை மறைப்பதால் நாவலருக்குப் பெருமை சேராது. 1930ஐ ஒட்டிய காலத்திலே அரசாங்க உதவி பெற்ற பாடசாலைகளில் எல்லா மாணவரும் சமமாக அமர்ந்து கற்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, கற்றவர் என மதிக்கப்பட்டோர் சிலரும் அதனை எதிர்த்தனர். ஒரே வகுப்பறையில் ஒரு சிறுவன் வாங்கிலும் மற்றவன் நிலத்திலும் இருப்பதைக் கண்டு மனங்கூசாத ஆசிரியர், துலாக்கோல் உவமையை மனனஞ் செய்தவராயிருந்தும் அதன் பொருளை அறியாதவரே ஆவர்.

இதன் விளைவை எழுத்தாளர் டொமினிக் ஜீவாவின் வாழ்க்கை தெளிவாக்குகின்றது. சிறுவயதிலே வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் சாதியைச் சுட்டி இழித்துரைத்தமையால் பாடசாலையை விட்டு நீங்கியதைத் தம் வரலாறான ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்னும் நூலிலே அவர் பதிவு செய்துள்ளார். அவரே 1966இல் ‘மல்லிகை’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி, ஈழத்து எழுத்தாளர் பலருக்குக் களம் அமைத்தார். ஓர் ஆசிரியரின் சொல் மாணவனொருவனைக் கல்வியினின்று துரத்தவல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அவர் மீண்டெழுந்தார், அவ்வாறு துரத்தப்பட்டு மீளாதவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

எனினும் அதே மண்ணில் வேறுவகை ஆசிரியரும் தோன்றினர். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் கற்பதற்காக, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே வடமராட்சியில் தேவரையாளிப் பாடசாலையை உருவாக்கினார் கா. சூரன். குலம் என்னும் தகுதி மறுக்கப்பட்ட ஒருவரே ஊருக்கு ஆசிரியராகி, நன்னூலின் முதற் சொல்லைச் செயலால் மறுத்துரைத்தார். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின்னர் இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்தை வழிநடத்திய ஹன்டி பேரின்பநாயகமும் ஆசிரியரே. சாதியொழிப்பையும் தாய்மொழிக் கல்வியையும் வலியுறுத்திய அவ்வியக்கத்தின் அழைப்பில் 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். வகுப்பறைக்கு வெளியே நிகழ்வனவற்றுக்கும் ஆசிரியனுக்குப் பொறுப்புண்டு என்பதை இவர்கள் காட்டினர். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பொருள் கொடுப்பவனுக்கே முதன்மை என்ற பழைய வரிசையைச் சட்டத்தால் மாற்ற முற்பட்டது.

‘எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நூலொன்றை இக்கால அளவுகோலால் அளப்பது முறையா’ என வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் நன்னூலைக் குறைகூற வேறொரு அளவுகோல் வேண்டியதில்லை. அது தந்த துலாக்கோலே போதும். எப்பக்கமும் சாயாத நடுநிலை ஆசிரியனின் இயல்பாயின், பிறப்பைக் கேட்டுச் சாய்தல் எவ்வாறு பொருந்தும்? மாணாக்கனின் ஏற்குந்திறன் அறிந்து கற்பித்தல் முறையாயின், அத்திறன் உடையவன் கடைசியில் நிற்பது எவ்வாறு பொருந்தும்? நூலின் உயிரான கருத்து ஒருபுறமும் அது தோன்றிய சமுதாயத்தின் வழக்கு மறுபுறமும் நின்று முரண்படுகின்றன. அம்முரணிலே உயிரைக் காத்து வழக்கைக் கைவிடுதல் நன்னூலுக்கு இழைக்கும் தீங்காகாது. அதன் உட்பொருளை நிறைவேற்றுவதாகும்.

நன்னூல் விரிவாகப் பேசாத பண்பொன்றும் உண்டு. ஆசிரியன் இறுதிவரை மாணாக்கனாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இலண்டனிலே சாசனத் தமிழை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவரே யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழிக்குச் செவிகொடுத்து அம்மொழியிலே நாடகங்கள் எழுதினார். அவர் மாணவரான பேராசிரியர் சு. வித்தியானந்தன், பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதற் துணைவேந்தரானவர், 1960களிலே கிராமத்து அண்ணாவிமாரைப் பேராதனைக்கு அழைத்து, அவர்தம் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர் கற்கச் செய்தார். பட்டமேதும் பெறாத கலைஞன் ஆசிரியனாகவும் பேராசிரியர் அவன்முன் கேட்போனாகவும் நின்ற அக்காட்சி, ஆசிரியத் தகுதி பிறப்பிலோ பட்டத்திலோ இல்லை என்பதற்குச் சிறந்த விளக்கமாகும். இவ்வாறு கற்கும் ஆசிரியனே தன் மாணவன் தன்னின் வேறுபட்டுச் சிந்திப்பதைப் பொறுப்பான். கணபதிப்பிள்ளையின் மாணவர் வரிசையிலே வந்த கைலாசபதியும் சிவத்தம்பியும் ஆசிரியர் வழியிலன்றிச் சமூகவியல் நோக்கில் தமிழிலக்கியத்தை ஆராய்ந்தமை அவருக்கு இழுக்காகவில்லை. அவர் பெருமையின் ஒரு பகுதியாகவே அமைந்தது.

இன்று குடாநாட்டில் வாங்கில் அமரும் உரிமைக்காக எவரும் வாதாட வேண்டியதில்லை. ஆயினும் துலாக்கோல் நேராக நிற்கின்றதா என்ற வினா ஓய்ந்துவிடவில்லை. மாலையிலும் விடுமுறையிலும் நிறைந்து வழியும் தனியார் கல்வி நிலையங்களிலே, பொருள் மிகுதியாகக் கொடுப்பவன் என்ற பழைய தகுதி புதிய உருவில் திரும்பி வந்துள்ளது. பகலிலே பாடசாலையில் பஞ்சுக் குடுவையாக இருப்பவர் மாலையிலே கட்டணம் பெற்று மலையருவியாவாராயின், அவரை எவ்வுவமையால் விளக்குவதென்று பவணந்தியாரே திகைப்பார். பரீட்சைப் பெறுபேறே கல்வியின் பயன் என்றாகும்போது முன்வாங்கில் இருக்கும் சிலருக்கு ஆசிரியரின் முகம் மலர்கின்றது, பின்வாங்கு மறக்கப்படுகின்றது.

எனவே நிலமும் மலையும் மலரும் ஆசிரியனுக்கு அணிகளாக, துலாக்கோலே அவனுக்கு உயிராதல் வேண்டும். நன்னூலின் ஆசிரிய இலக்கணத்திலே குலத்தை நீக்கி, அவ்விடத்தில் நடுநிலையை முதலாக வைத்து, இறுதியில் நின்ற கற்கும் ஆர்வமுடைய மாணாக்கனை முன்னே அழைத்தல் இக்காலத்தின் கடமையாகும். வகுப்பறையின் கடைசி வாங்கில் இருக்கும் மாணவனிடத்தும் ஆசிரியனின் முகம் மலருமாயின், விழா மலர்களிலே அந்நான்கு உவமைகளும் மீண்டும் பொருளுடையனவாகும்.