ஓஸ்டாடே தீட்டிய முற்றம்

ஹார்லெம் நகரத்து நெசவாளியின் மகன் ஆட்ரியான் வான் ஓஸ்டாடே (1610–1685) ஆயுள் முழுக்கக் குடியானவர்களையே வரைந்தார் என்று சொல்லலாம். ஆனால் 1630களில் வரைந்த குடியானவன் வேறு, 1670களில் வரைந்தவன் வேறு.

முன்னவன் மதுக்கடை இருட்டில் கிடப்பவன். குடி, புகை, அடிதடி. முகம் என்று பார்த்தால் மூக்கும் பிளந்த வாயும்தான். ஓவியர் ஆட்ரியான் பிரௌவரின் பாதிப்பு அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. பிரௌவர் பெரிய கலைஞர்தான், சந்தேகமில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் அவருடைய ‘கசப்பு மருந்து’ ஓவியத்தில் அந்த ஆள் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்தால் நமக்கே நாக்கு கசக்கும். ஓவியர் ரூபன்ஸ் அவருடைய ஓவியங்கள் 17ஐத் தன் வீட்டில் வைத்திருந்தார். பிரௌவரின் அந்தச் சீற்றம் ஓஸ்டாடேக்கு வரவில்லை. ஆனால் வயது ஏற ஏற அவருக்கு வேறொன்று கைகூடியது. அவருடைய ஏழைகளின் வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது.

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள 1673ஆம் ஆண்டு ஓவியத்தைப் பாருங்கள். ஒரு குடிசையின் முற்றம். தாய் உட்கார்ந்து இராச் சாப்பாட்டுக்கு மட்டி சுத்தம் செய்கிறாள். புருஷன் அதைப் பார்த்துக்கொண்டு ஓய்வாக நிற்கிறான். பெரிய பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள், மற்ற பிள்ளைகள் நாயோடு விளையாடுகிறார்கள். துவைத்த துணி காய்கிறது, சுவரில் கொடி படர்ந்திருக்கிறது. இதில் கதை என்று எதுவுமில்லை. வீடு பழசு, ஆனால் சீர்கெட்டுக் கிடக்கவில்லை. உளுத்த பலகைக்கும் செங்கல்லுக்கும் இலைக்கும் அவர் காட்டும் கவனத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. மனிதர்களை உயர்த்திக் காட்ட அவர் எதையும் அலங்கரிக்கவில்லை. அவரவர் வேலையில் அவரவரை விட்டுவிட்டார். எனக்கு இந்த ஓஸ்டாடேதான் பெரியவர்.

இதற்கு முந்தைய ஆண்டு அவர் வரைந்த மீன்காரி ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். பின்னால் சந்தை நடந்துகொண்டிருக்கிறது. கத்தியும் மீனும் கையில் இருக்க, நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறாள். பழைய மதுக்கடைப் படங்களில் நாம் வெறும் வேடிக்கை பார்ப்பவர்கள், அந்த மனிதர்கள் நம்மைச் சட்டைசெய்வதேயில்லை. இவளோ நம்மை வாடிக்கையாளராக எடைபோடுகிறாள். அந்தப் பார்வைக்கு வந்து சேர ஓஸ்டாடேக்கு நாற்பது வருஷ உழைப்பு தேவைப்பட்டது.