அலை இல்லாத கரைக்கு ஒரு போர்டு

ஸ்கேட்போர்டு பற்றி யாராவது பேச்சை எடுத்துவிட்டால் என்னை நிறுத்துவது கஷ்டம். வடசென்னை டோல்கேட்டில் என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். நாலு சக்கரமும் ஒரு பலகையும் ஒரு மனுஷனை இவ்வளவு சந்தோஷப்படுத்துமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு புகைப்படம். சின்னப் பெண். கவுன் போட்டிருக்கிறாள். காலில் செருப்புகூட இல்லை. போர்டின் மேல் நின்று சரிவில் இறங்குகிறாள். அவள்தான் கமலி மூர்த்தி, மாமல்லபுரத்து மீனவர் குப்பத்தில் வளர்ந்தவள்.

அந்தப் படத்தை எடுத்தவர் அமெரிக்க ஸ்கேட்போர்டர் ஜேமி தாமஸ். டோனி ஹாக் அதைப் பகிர்ந்ததும் உலகமே பார்த்தது. டோனி ஹாக் என்றால் சும்மா இல்லை. 1999இல் எக்ஸ் கேம்ஸ் மேடையில் காற்றிலேயே இரண்டரைச் சுற்று சுற்றி இறங்கிய ஆள். போட்டியில் 900 டிகிரியை முதலில் முடித்தவர் அவர்தான். அவரே ஒரு குப்பத்துச் சிறுமியைப் பார்த்து அசந்து போயிருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

போர்டில் ஏறி நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் படத்தின் அருமை முழுதாகப் புரியும். சரிவின் உச்சியில் போர்டின் வாலை விளிம்பில் அழுத்தி நிற்க வேண்டும். மிச்சப் பலகை அந்தரத்தில் இருக்கும். முன்காலை அதன் மேல் வைத்து, மொத்த உடம்பையும் பள்ளத்தை நோக்கிக் கொடுத்துவிட வேண்டும். பாதி மனசோடு கொடுத்தால் நடக்காது. பயத்தில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தாலும் போர்டு மட்டும் முன்னே பறக்கும், முதுகு தரையில் அறையும். விழாமல் இருக்க ஒரே வழி, விழப்போகிற திசையிலேயே துணிந்து சாய்வதுதான். பெரியவர்கள் ஹெல்மெட், முட்டிக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டும் உச்சியில் நின்று யோசித்துக்கொண்டே இருப்பார்கள்.

கமலியைப் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த ஆவணப்படத்தின் பெயரும் ‘கமலி’தான். இருபத்து நாலு நிமிடம். அதில் கமலிக்குச் சமமாக என்னை ஆட்டிவைத்தவர் அவளுடைய அம்மா சுகந்தி. கடற்கரையில் மீன் வறுத்து விற்றுத் தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்தவர். பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு என்று ஊரே வாய் ஓயாமல் பேசியபோதும் மகளை போர்டிலிருந்து இறக்காதவர். மகள் விழுந்து எழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தத் தெம்புக்கு எந்தப் பரிசும் போதாது. படம் 2020இல் பிரிட்டிஷ் திரை விருதான பாஃப்டாவின் குறும்படப் பிரிவில் கடைசி ஐந்தில் ஒன்றாக நின்றது. அந்த ஐந்தில் இன்னொன்றும் ஸ்கேட்போர்டுச் சிறுமிகள் பற்றிய படம்! காபூலில் ‘ஸ்கேட்டிஸ்தான்’ என்ற அமைப்பு நடத்திய பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளின் கதை. பாஃப்டா அதற்குத்தான் போனது, அதே மாதம் ஆஸ்கரும் வாங்கியது. ஆப்கானிஸ்தானில் பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதைத் தப்பாகப் பார்த்தார்கள். ஸ்கேட்போர்டை அங்கே யாரும் அதுவரை பார்த்ததே இல்லை என்பதால் அதைத் தடுக்க வழக்கம் எதுவும் இருக்கவில்லை. அந்தச் சந்து வழியாகப் பிள்ளைகள் உள்ளே புகுந்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய விஷயம் இது!

பிரேசிலின் ரெய்சா லெயாலையும் இதோடு சேர்த்துத்தான் நினைப்பேன். ஏழு வயதில் நீல நிறத் தேவதை உடுப்போடு படிக்கட்டைத் தாண்டிக் குதித்த அவள் வீடியோவையும் 2015இல் பகிர்ந்தவர் இதே ஹாக். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முதலாக நுழைந்தபோது பதிமூன்று வயதில் வெள்ளி வாங்கினாள். தங்கம் வாங்கிய மொமிஜி நிஷியாவுக்கும் வயது பதிமூன்றுதான். பெண் பிள்ளைகள் கையில் இந்த விளையாட்டு இப்படிப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஏற்படுகிற குதூகலத்தைச் சொல்லி முடியாது.

சரி, மாமல்லபுரத்துப் பிள்ளைகளுக்குச் சறுக்க அலை இருக்கிறது, காலூன்ற மணல் இருக்கிறது. டோல்கேட்டுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்களுக்கும் கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் போய்ப் பாருங்கள், கரை முழுக்கக் கருங்கல். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பியபின், தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்து வரும் மணல் அங்கேயே தேங்கியது. மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது, வீடுகளைத் தின்றது. கல் கொட்டித்தான் தடுத்தார்கள். காலை வைத்து நிற்க மணல் இல்லாத கடற்கரையில் பிள்ளை எங்கே அலைச்சறுக்கு பழகும்?

இங்கேதான் ஸ்கேட்போர்டின் பிறப்புக் கதை எனக்குத் தித்திக்கிறது. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குக்காரர்கள் அலை எழும்பாத நாளில் ரோட்டில் சறுக்கக் கண்டுபிடித்த விளையாட்டு இது. முதலில் இரும்புச் சக்கரம், பிறகு களிமண் கலவைச் சக்கரம். சின்னக் கல் பட்டாலே நின்றுவிடும், ஆள் பறப்பான். 1970களின் தொடக்கத்தில் ஃப்ராங்க் நாஸ்வொர்த்தி யூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்தார், தரையைக் கவ்விப் பிடித்தது. பிறகு 1976-77 வறட்சியில் அங்கே நீச்சல் குளங்கள் வற்றிக் கிடக்க, சாண்டா மோனிகா பக்கத்துப் பையன்கள் சுவரேறிக் குதித்து, அந்தக் காலிக் குளத்தின் வளைந்த சுவர்களை அலையாக்கிக்கொண்டார்கள். தண்ணீர் இல்லாத இடத்திலும் அலையைப் பார்த்த கண்கள் அவை. கடல் இருந்தும் கரை இல்லாத எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு வேறு இருக்கிறதா?

அதற்காக எந்த போர்டு வாங்கினாலும் இங்கே ஓடாது. பூங்காவுக்கு என்று விற்கிற 99ஏ கெட்டிச் சக்கரத்தை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வைத்தால் பல் எல்லாம் ஆடும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் ட்ரெய்லர்கள் அரைத்த ரோடு அது. அந்த நெரிசலில் போர்டை இறக்கவும் கூடாது. உள்தெருவுக்கும் 78ஏ அளவில் மெத்துச் சக்கரம், கொஞ்சம் பெரிய விட்டமாக இருந்தால் சிறுகல்லை விழுங்கிக்கொண்டு போகும். அடுத்த எதிரி உப்புக்காற்று. பேரிங் சீக்கிரம் துரு ஏறிவிடும். ஸ்கேட்போர்டில் இருப்பது 608 பேரிங், எத்தனையோ மிஷின்களில் சுற்றுகிற அதே சைஸ். வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை, பேரிங் கடையில் நம்பரைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். கழற்றி, கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டியதும் சக்கரத்தை விரலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். அது நிற்காமல் சுற்றுகிற அழகுக்கு எதையும் கொடுக்கலாம்.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான், லாரிப் பட்டறையில் வேலை. வாரம் முழுக்கக் கிரீஸ் கை. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே, ஊர் ஜனம் மீன் வாங்க காசிமேட்டுக்கு வண்டி கிளப்புகிற நேரத்தில், மூடிய ஷட்டர் ஒன்றின் முன்னால் இருக்கிற சிமெண்ட் தரைக்கு வந்துவிடுவான். வழவழ தரை, எங்களுக்கு அது பொக்கிஷம். அங்கேதான் ஆலி பழகினான். பின்காலால் வாலைத் தரையில் அடித்து, முன்பாதத்தின் பக்கவாட்டை பலகையின் உப்புத்தாள் மேல் தேய்த்து மேலே இழுக்க வேண்டும். கையில் பிடிக்காமலே போர்டு காலோடு எழும்பும். ஃப்ளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் 1970களின் கடைசியில் வளைவுச் சுவரில் செய்ததை, ராட்னி மல்லன் சமதரைக்குக் கொண்டுவந்தார். இன்று தெருவில் செய்கிற அத்தனை வித்தைக்கும் அதுதான் ஆதாரம். பையன் முதலில் ஒரு செங்கல்லைத் தாண்டினான், பிறகு மீன் ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேட்டை. “ண்ணா, பின்கால் அடிக்கிற சத்தத்துலயே தெரிஞ்சிடும்ணா, ஏறுமா ஏறாதான்னு” என்றான். நூற்றுக்கு நூறு உண்மை. அந்த ‘டப்’ சுத்தமாக விழுந்தால் எனக்கே கால் தரையில் நிற்காது.

அவன் அம்மா, “காலை ஒடச்சிக்கினு வந்தீனா நான் பாக்க மாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே வருவார். வந்து செல்போனில் வீடியோ எடுப்பவரும் அவரேதான். “டேய், தலை மறைஞ்சிடுச்சி, இன்னொரு வாட்டி பண்ணு” என்பார். சுகந்தியை நான் நேரில் சந்தித்ததில்லை. ஆனால் அந்த நிமிடம் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கமலி இப்போது பெரும்பாலும் அலையில் நிற்கிறார். 2025 ஆகஸ்ட்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி அவர் வளர்ந்த மாமல்லபுரத்திலேயே நடந்தது, இந்திய அணியில் அவரும் இருந்தார். பலகையின் மேல் முட்டி மடக்கி நிற்கிற அந்த நிலை, தோளைத் திருப்பினால் திசை திரும்புகிற அந்தக் கணக்கு, இரண்டுக்கும் ஒன்றேதான். சிமெண்ட்டில் கற்றது தண்ணீரிலும் கைகொடுக்கும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு இடம் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்பதற்கு ஆதாரமும் பக்கத்திலேயே இருக்கிறது. டோல்கேட்டுக்கு முந்தின மெட்ரோ ஸ்டேஷன் புதுவண்ணாரப்பேட்டை. அந்தப் பகுதியின் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அள்ளினார். கேரமுக்கு ஒரு அறையும் பவுடரும் போதும். எங்களுக்கு ஒரு கிரவுண்டு நிலமும் ஒழுங்காக இழைத்த சிமெண்ட்டும் வேண்டும். ஓரத்தில் வளைவாக ஒரு சரிவு. கூரைகூட வேண்டாம். பெங்களூரில் ஹோலிஸ்டோக்ட் என்ற பையன்கள் கூட்டம் தங்கள் கையாலேயே கலவை போட்டு ஸ்கேட்பார்க் எழுப்பியிருக்கிறது. அந்த வேலைக்குத் தேவையான கை எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கிறது.

அதுவரை சும்மா இருக்க முடியுமா? பேலட் கட்டையும் பழைய பிளைவுட்டும் சேர்த்து ஒரு சின்ன சரிவு அடித்திருக்கிறோம். பையன் இப்போது கிக்ஃப்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறான், போர்டு காற்றில் ஒரு முழுப் புரள் புரண்டு காலுக்குக் கீழே வர வேண்டும். போன ஞாயிறு முழுதாகப் புரண்டுவிட்டது. ஒரு கால் போர்டின் மேல், இன்னொரு கால் தரையில். நாங்கள் போட்ட கூச்சலில் ஓரமாக நின்ற ட்ரெய்லரின் டிரைவர் எட்டிப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு, “இன்னொரு தபா போடு தம்பி, வந்துடும்!” என்றார்.