பானட்டுக்குப் பின்னால் ஒரு காது

சேந்தமங்கலத்தில் நண்பர் ஒருவர் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டார், டேஷ்கேமை அணைக்கவில்லை. ‘பார்ட்டை மாத்தாமலே பில் போட்டுட்டாங்கன்னா?’ என்றார். நியாயமான பயம்தான். ஆனால், பானட்டைத் தூக்கியதும் கேமராவுக்குத் தெரிந்தது அதன் அடிப்பக்கம் மட்டுமே! மற்றபடி பதிவானதெல்லாம் பேச்சு. மகள் ஃபீஸுக்காக மெக்கானிக் போனில் கடன் கேட்டுக் கெஞ்சியதை இவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். தேவையா இது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அது கார் வைத்திருப்பவருக்கு மட்டுமா? கிரீஸ் கைக்காரருக்கு இல்லையா?

கேமரா ஓடட்டும். சாவி கொடுக்கும்போதே ‘ஓடுதுங்க’ என்று சொல்லிவிடுங்கள். மைக்கை அணைத்துவிடுங்கள். கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பில்லில் இல்லாததை நாம் எடுத்து வந்தாலும் திருட்டுதானே?